மல்லிகாவுக்கு, கோழிகளைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முருங்கை மரத்தடியில் கூண்டு போட்டு 6 கோழி விட்டிருக்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கோழியே முட்டையைக் கொத்திக் குடிக்கிறது என்று எழுதியிருந்தாய். சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் ஓடு மெலிந்து உடையும். உடைந்ததை ருசி பார்த்த கோழி அப்புறம் விடாது. கிளிஞ்சலை நுணுக்கி ஒரு சட்டியில் தனியாக வை. முட்டை விழுந்ததும் எடுத்துவிடு. கீரிக்கு, கூண்டைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குச் செங்கல் புதைத்தால் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே வராது.

எனக்குப் பயம் வெள்ளைக்கழிச்சல் நோய்தான். போன பங்குனியில் இங்கே நடந்ததை உனக்கு எழுத மனமே வரவில்லை. சந்தையில் 2 விடைக்கோழி வாங்கி வந்து, அன்று ராத்திரியே மற்றவற்றோடு அடைத்தேன். ஆறாம் நாள் காலை கூண்டைத் திறந்தால் ஒன்றுகூட முண்டியடித்து வரவில்லை. இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கித் தூங்கி விழுந்தன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. ஒரு வாரத்தில் 14-ல் 11 போய்விட்டன. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

பிழைத்ததில் கறுப்பிக்குக் கழுத்து திருகிக்கொண்டது. அரிசியைப் பார்த்துத்தான் கொத்தும், அலகு ஒரு விரற்கடை தள்ளி மண்ணில் படும். தலையைச் சாய்த்து மறுபடி கொத்தும், மறுபடியும் மண். இரண்டு மாதம் கம்பு மாவை உருண்டை பிடித்து நான்தான் ஊட்டினேன்.

வெள்ளைக்கழிச்சல் வந்தபின் அதற்கு மருந்து இல்லை மல்லிகா, முன்னாலேயே தடுப்பூசி போட வேண்டும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. 8 வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. புதுக்கோழி வாங்கினால் 2, 3 வாரம் தனியாகக் கட்டி வை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் கடையில் கிடைத்த மருந்துப் புட்டி 100 கோழிக்கானது. கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதி வீண். பத்துப் பதினைந்து கோழிக்கு எதற்கு என்று தள்ளிப்போட்டேன். கொல்லையில் கோழி வளர்க்கிற எல்லோரும் இப்படித்தான் விட்டுவிடுகிறோம்.

அதனால் ஆடியில் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். 9 வீடு சேர்ந்தது, 80 கோழிக்கு மேல். காசைப் பங்கு போட்டு, பிளாஸ்கில் ஐஸ் வைத்து மருந்தை வாங்கி வந்தோம். ஒரு வாரம் முன்னதாகவே குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டது. பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் கோழியைப் பிடிக்க முடியாது, அதனால் விடிவதற்கு முன்பே ஆரம்பித்தோம். கால்நடை ஆய்வாளர் வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். சோர்ந்திருந்த இரண்டை மட்டும் ஒதுக்கி வைத்தார், நல்ல உடம்போடு இருப்பதற்குத்தான் போட வேண்டுமாம்.

கறுப்பிக்குக் கழுத்து முக்கால்வாசி நேராகிவிட்டது. இப்போது 9 முட்டையில் அடை உட்கார்ந்திருக்கிறது, இன்று 12-ஆம் நாள். குஞ்சு தேறியதும் உனக்கு ஒரு சோடி.

அதற்குள் உன் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது என்று எண்ணி எழுது.

அன்புடன்,
செல்வி