எல்லா கார்ட்டூனும் துணிச்சல் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் கட்டுரைல கெய்சர் (ஜெர்மன் பேரரசர் ரெண்டாம் வில்ஹெல்ம்) காலத்து ஜெர்மன் கார்ட்டூன் எல்லாமே அதிகாரத்தை எதிர்த்த துணிச்சல்னு ஒரு வரி எழுதிருந்தீங்க, படிச்சதுல இருந்து மனசே ஆறல. 1898ல சிம்பிளிசிஸிமஸ்ங்கிற ஜெர்மன் நையாண்டிப் பத்திரிகை கெய்சரோட பாலஸ்தீன பயணத்தைக் கிண்டல் பண்ணுச்சே, அது துணிச்சல்தான். இதழைப் பறிமுதல் பண்ணி, வரைஞ்ச ஹைனேக்கு ஆறு மாசம் கோட்டைச் சிறை குடுத்தாங்க, பதிப்பாளர் லாங்கன் நாட்டை விட்டே தப்பிச்சுப் போனார். அவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனா அந்த வரிக்குக் கீழ நீங்க போட்டது 1907 ஆயிலன்பர்க் விவகாரத்துப் படம், அதாவது கெய்சரோட நெருங்கிய நண்பர் ஆயிலன்பர்க் ஆம்பளைங்களோட உறவு வச்சிருந்தார்னு குற்றம் சாட்டின விவகாரம்! உங்களுக்குத் தெரியாதது இல்ல, பத்திரிகையாளர் ஹார்டன் அந்த விவகாரத்தைக் கிளப்பினதே யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு நண்பர் கூட்டம் கெய்சர் காதுல ஓதிக்கிட்டிருக்குன்னுதான். கார்ட்டூன்காரங்க அதை விட்டுட்டு ஆம்பளையை ஆம்பளை நேசிக்கிறதைக் கேலி பண்ணாங்க, கோர்ட்டுல நிபுணரா சாட்சி சொன்ன டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்டை யூதர்னு சொல்லி அசிங்கமா வரைஞ்சாங்க. கடைசில ஆயிலன்பர்க் உடம்பு சரியில்லன்னு வழக்கு முடியாமலே வீட்டுல இருந்தார், ஆம்பளைங்களுக்குள்ள உறவைக் குற்றமாக்கின 175வது சட்டப் பிரிவுல ஜெயிலுக்குப் போனது பேர் தெரியாத சாதாரண ஆளுங்க. இதுல துணிச்சல் எங்க இருக்கு?

நான் வேலை பார்த்த ஆபீஸ்லயும் இதே கதைதான் நடந்துச்சு. கேன்டீன் கான்ட்ராக்ட்ல கமிஷன் வாங்கின மேனேஜரை எங்க கையெழுத்துப் பத்திரிகைல புடவை கட்டி, கை நிறைய வளையல் போட்டு வரைஞ்சாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, கமிஷனை ஒருத்தரும் பேசல. நடை கொஞ்சம் மென்மையா இருக்கிற எங்க கிளார்க் தம்பியைத்தான் அதுக்கப்புறம் வளையல்னு கூப்பிட்டாங்க, அவர் டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிட்டார், மேனேஜர் அதே சீட்ல ரிட்டயர் ஆனார்.

இன்னொரு வருத்தம். நீங்க எந்த கார்ட்டூன் போட்டாலும் வரைஞ்சவர் பேரும் வருஷமும் இருக்காது, கீழ இருக்கிற வாசகத்தையும் வெட்டிடுறீங்க. வாசகம் இல்லாம கார்ட்டூன் எப்படிங்க புரியும்? இதை முன்னாடியே எழுதினேன், கடிதத்துல பாராட்டின பாதியை மட்டும் போட்டீங்க. பல வருஷ வாசகனுக்கு அது ரொம்ப வலிச்சுது.

அடுத்த இதழ்ல அந்தப் படத்தை வாசகத்தோட, வரைஞ்சவர் பேரோட மறுபடி போடுங்க. யாரைக் கேலி பண்ணின படம்னு பக்கத்துல ரெண்டு வரி எழுதுங்க, அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்