தங்கமீனுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள வண்ணமீன் கடைகளில், நாலைந்து லிட்டர் தண்ணீர்கூடக் கொள்ளாத உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனை விட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. ஆசையாய் வாங்கிப் போன பிள்ளைகள் ஒரு வாரத்தில் அழுது நிற்கும்போது, "கோல்டு ஃபிஷ்னா அவ்வளவுதான், தங்காது" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இது உண்மை அன்று. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் முறையாக வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். 1956இல் இங்கிலாந்தில் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று, 43 வயதுவரை வாழ்ந்து 1999இல்தான் இறந்தது.

கிண்ணத்து மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் கழிவுதான். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் வெளிப்படும் அமோனியா என்ற நச்சை, தண்ணீரை வடிகட்டும் ஃபில்டரின் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை குறைவாகத் தீனி போட்டு அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். நம் வீடுகளிலோ ஞாயிறுதோறும் தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, கூழாங்கற்களையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே நிரப்புகிறார்கள். சுத்தம் என்று நினைத்துச் செய்யும் இந்த வேலையில் பாக்டீரியாக்கள் அழிகின்றன. குளோரின் செவுளையும் அரிக்கிறது. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அமோனியாவின் நச்சும் சூட்டில் கூடுகிறது. கத்திரி வெயிலில் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பசி என்று எண்ணி இன்னொரு சிட்டிகைத் தீனி போடுவோர் உண்டு. அது மூச்சுக்குத் தவிக்கிறது. அப்போது தேவைப்படுவது ஏர் பம்பும், வெயில் படாத இடமும்தான்.

ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்ற அலங்காரத் தங்கமீன் வகைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உருண்டு குறுகிய உடலுக்குள் குடலும், மீன் நிலையாக மிதக்க உதவும் காற்றுப்பையும் நெருக்குண்டு கிடப்பதால், தீனி அதிகமானாலும் மிதக்கும் தீனியோடு காற்றை விழுங்கினாலும் மீன் தலைகீழாகப் புரண்டுவிடும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது என்பதால், ஊறவைத்த தீனியைச் சிறுகச் சிறுக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுவது நல்லது. கண் பிதுங்கிய பிளாக் மூருக்குப் பார்வை மங்கல். கூரான கற்களையும், தீனியைப் பறித்துக்கொள்ளும் வேகமான மீன்களையும் அதனுடன் சேர்க்கலாகாது. ஒரு மீனுக்கே 75 லிட்டர் தொட்டி வேண்டும் என்பது அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

வளர்க்க முடியவில்லை என்றால் மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது புண்ணியம் ஆகாது. தன் அறிவியல் பெயரிலேயே தாமிரபரணியைத் தாங்கிய கெண்டை மீன் ஒன்று இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. அதன் நீரில் அயல்நாட்டு மீனையும் அதனோடு வரும் ஒட்டுண்ணியையும் சேர்ப்பது பெருந்தவறு. வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடலாம்.

எனவே, கடைக்காரர்கள் கிண்ணத்தோடு தங்கமீன் விற்பதை நிறுத்தி, மீன் எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை லிட்டர் தொட்டி தேவை என்பதைத் தொட்டியின் மேலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மீன்வளத் துறையினரும் கோடை விடுமுறை தொடங்குமுன் இதைக் கடைகளுக்கு வலியுறுத்த வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வண்ணமீன் வளர்க்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.