மழைக்கு பயம், புழுக்கத்துக்கு தைரியமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வெயில் மழை பாக்காம ஓடறவங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில மனசு வெச்சா எந்த சீசன்லயும் ஓடலாம்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. 11 வருஷமா வெளியிலதான் ஓடறேன், ட்ரெட்மில்னாலே எனக்கு அலர்ஜி. இத்தன வருஷத்துல நான் பாத்த வரைக்கும் நம்மாளுங்க பயப்பட வேண்டாததுக்கு பயப்படறாங்க, பயப்பட வேண்டியத கண்டுக்கறதே இல்ல. நாலு தூறல் விழுந்தா போதும், குரூப்ல "இன்னிக்கு லீவு"ன்னு மெசேஜ் வந்துடும். அதே ஆளுங்க, ஒரு இலை கூட அசையாம பிசுபிசுன்னு புழுங்கற நாள்ல, மேகமாத்தானே இருக்கு வெயிலே இல்லையேன்னு 15 கிலோமீட்டர் கிளம்பிடறாங்க.

நானும் அப்படி கிளம்பினவன்தான். 3 வருஷம் இருக்கும். வெப்பநிலை 27 டிகிரிதான், வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு. 9வது கிலோமீட்டர்ல வேகம் குறையுதுன்னு வாட்ச் காட்டுச்சு, எனக்கு கோவம் வந்து இன்னும் அழுத்தினேன். வழக்கமா 150 பக்கம் நிக்கற ஹார்ட் ரேட் 178 காட்டுது, வாட்ச்தான் ரிப்பேர்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல கையெல்லாம் புல்லரிச்சு லேசா குளிர ஆரம்பிச்சுது, அட பரவால்லயே கூல் ஆயிடுச்சுன்னு சந்தோஷம் வேற. அப்புறம் ஷூ லேஸ் அவுந்துச்சுன்னு குனிஞ்சேன் சார், லேஸ எப்படி கட்டறதுன்னே தெரியல. ரெண்டு நுனியையும் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். பின்னாடி வந்த ஒரு தம்பி "அண்ணே, என்ன லேஸையே பாத்துட்டு இருக்கீங்க, இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க"ன்னான். தப்பா சொன்னேன். உடனே நிழலுக்கு இழுத்துட்டு போய் ரெண்டு பாட்டில் தண்ணியையும் தலையிலயும் கழுத்துலயும் ஊத்தி, சட்டைய கழட்டி விசிறி, அதுக்கப்புறம்தான் வண்டிக்கே போன் பண்ணான். அந்த வரிசைதான் சரி. உள் உடம்பு சூடு 40 டிகிரிய தாண்டி ஆள் குழம்ப ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக், மொதல்ல அங்கயே குளிர வைக்கணும், தண்ணித்தொட்டி கிடைச்சா ஆள தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி அதுலயே உக்கார வைக்கலாம், ஆஸ்பத்திரி அதுக்கு அடுத்தது.

இது ஏன் நடக்குதுன்னா, ஓடும்போது நாம செலவழிக்கற சக்தியில நாலுல ஒரு பங்குக்கும் குறைவாதான் ஓட்டத்துக்கு போகுது, மிச்சமெல்லாம் சூடு. அந்த சூட்ட எடுத்துட்டு போறது வேர்வை. 1 லிட்டர் வேர்வை ஆவியானா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூடு போயிடும், ஆனா ஆவியாகணும். காத்துல ஏற்கனவே ஈரம் ரொம்பி கிடந்தா வேர்வை சொட்டு சொட்டா தரையில விழும், சட்டைய புழிஞ்சா ஊத்தும், உடம்பு மட்டும் குளிராது. நல்லா வேர்த்துச்சு நல்ல ஒர்க்அவுட்னு அதுக்கு பெருமை வேற பட்டுக்கறோம்!

2019ல தோஹா உலக தடகள போட்டியில பெண்கள் மராத்தான வெயிலுக்கு பயந்து நள்ளிரவுல வெச்சாங்க. சூரியனே இல்ல, இருந்தும் 30 டிகிரிக்கு மேல சூடு, கூடவே ஈரப்பதம், 68 பேர் ஓட ஆரம்பிச்சு 40 பேர்தான் முடிச்சாங்க. உலகத்துலயே நல்லா ஓடறவங்க நெலம இது. இன்னும் பழைய கதை ஒண்ணு, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல போர்ச்சுகல்காரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலுக்கு பாதுகாப்புன்னு உடம்பு பூரா மெழுகு மாதிரி பூசிக்கிட்டு ஓடினதா சொல்வாங்க, வேர்வைக்கு வழி அடைச்சுப்போச்சு, நடுவுல விழுந்தவர் மறுநாள் காலமாயிட்டார். புழுக்கம் நமக்கு செய்யறதும் ஏறக்குறைய அந்த மெழுகு வேலைதான்.

அதுக்காக புழுக்கத்துல ஓடவே கூடாதுன்னு சொல்ல வரல. உடம்புக்கு 10 முதல் 14 நாள் டைம் குடுத்தா பழகிக்கும், ரத்தத்துல நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பும் குறையும். அது வரைக்கும் வாட்ச்ச பாக்காம மூச்ச பாத்து ஓடுங்க, பக்கத்துல ஓடறவங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். தண்ணியும் தாகத்துக்கு குடிச்சா போதும். 2002 பாஸ்டன் மராத்தான்ல 488 பேர் ரத்தத்த சோதிச்சு பாத்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்துல இருக்க வேண்டிய உப்பு, குறைஞ்சு இருந்துச்சு, ஓடும்போது அளவுக்கு மேல குடிச்சு எடை கூடினவங்கதான் அதுல முக்கியமா மாட்டினாங்க.

இப்ப மழைக்கு வரேன். மழைல ஓடறது சொகம் சார், உடம்பு சூடு அவ்வளவா ஏறாது. பாத்துக்க வேண்டியது சின்ன சின்ன விஷயங்க, ரோட்டுல அடிச்ச வெள்ளக்கோடும் இரும்பு மூடியும் வழுக்கும், தேங்கின தண்ணிக்குள்ள பள்ளம் இருக்கும், தொடை உரசற எடத்துல வாசலின் தடவிக்கணும். வந்ததும் ஷூ உள் அட்டைய உருவிட்டு உள்ள பேப்பர சுருட்டி திணிச்சு ஒரு மணி நேரத்துல மாத்தினா மறுநாளுக்கு காஞ்சுடும் (கோவிச்சுக்காதீங்க, உங்க பேப்பர்தான், விளம்பரம் வர்ற வழவழ பக்கம் மட்டும் உறிஞ்சாது). இடி மட்டும் விளையாட்டு இல்ல. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல 30 எண்ணறதுக்குள்ள இடிச்சா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, கட்டடத்துக்குள்ள போயிடணும், மரத்தடி வேண்டவே வேண்டாம், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய வரணும்.

மழையோட குளிரும் காத்தும் சேந்தா அது வேற கணக்கு, ஒத்துக்கறேன். 2021 மே மாசம் சீனாவோட கான்சு மாகாணத்துல 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்துல திடீர்னு ஆலங்கட்டி மழையும் பேய்க்காத்தும் அடிச்சு 21 பேர் செத்துப்போனாங்க, நிறைய பேர் மேல அரைக்கால் டிரவுசரும் மெல்லிசு பனியனும்தான். நனைஞ்ச துணி, அதுவும் பருத்தி, காத்து பட்டா உடம்பு சூட்ட உறிஞ்சி எடுத்துடும். அந்த மாதிரி நாள்ல போகும்போது எதிர்காத்துல போய், வேர்த்த உடம்போட திரும்பும்போது காத்து முதுகுல இருக்கற மாதிரி பாதைய வெச்சுக்குவேன், நடுங்க ஆரம்பிச்சா பாதியில திரும்பிடுவேன்.

உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. வானிலை கட்டத்துல அதிகபட்சம், குறைந்தபட்சம், மழை மூணும் போடறீங்க. ஓடறவங்களுக்கும் வெளியில வேலை செய்யறவங்களுக்கும் அதோட பனிப்புள்ளியும் வேணும், அதாவது காத்து எத்தன டிகிரிக்கு குளிர்ந்தா அதுல இருக்கற ஈரம் பனியா படியும்ங்கற கணக்கு, அது ஏற ஏற காத்துல ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம். ஈரப்பத சதவீதம் மட்டும் போட்டா குழப்பம், வெப்பநிலை குறைஞ்சாலே விடியக்காலைல அது தானா ஏறிக்கும். பனிப்புள்ளி 20 டிகிரிய தாண்டினா வேகத்த குறைக்கணும், 24க்கு மேல போனா நான் மெதுவா, பாதி தூரம்தான் ஓடுவேன். ஒரு வரி எடம்தான் சார் கேக்கறேன், வெயில் சீசனுக்குள்ள போட்டீங்கன்னா உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்