ஏ.டி.எம். அட்டை யார் கையில்?

ஆசிரியருக்கு,

மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும் புதைவடப் பணிகளில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் நிலை குறித்து வெளியான செய்தியைப் படித்தேன். ஊதியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதால் கொத்தடிமை முறைக்கு இடமில்லை என்ற வாதம் தவறானது. மின் நிறுவனம் ஒப்பந்ததாரருக்குத் தரும் பணி, துணை ஒப்பந்ததாரர் வழியாக மேஸ்திரியிடம் போய்ச் சேர்கிறது. பில் தொகை தாமதமாகும்போது, முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்து வைப்பதே மேஸ்திரிக்கு எளிய வழியாகிறது. பள்ளம் தோண்டும் இடத்தில் ஆய்வுக்குச் செல்பவர்கள் தலைக்கவசத்தையும் தடுப்பு வேலியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பத்துப் பேரின் ஏ.டி.எம். அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு மேஸ்திரியின் சட்டைப் பையில் இருப்பது, ஊதியப் பதிவேட்டில் தெரியாது. கடனைக் காட்டி ஊர் திரும்பவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனவே, மேஸ்திரி அருகில் இல்லாதபோது, தொழிலாளரின் தாய்மொழியிலேயே மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: முன்பணம் எவ்வளவு, அட்டையும் ஆதாரும் யாரிடம், பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியுமா? பதில்களை நிறுவனப் பொறியாளர் பதிவு செய்த பிறகே அந்த மாத பில்லுக்கு ஒப்புதல் தர வேண்டும். எழுத்துபூர்வ அனுமதியின்றித் துணை ஒப்பந்தம் விடுவதையும் டெண்டரிலேயே தடை செய்யலாம். தடுப்பு வேலியில் ஒடியா, இந்தி, தெலுங்கில் புகார் எண்ணை எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது.

– வாசகர், விழுப்புரம்