அரங்கின் இருக்கைகளைப் புதுப்பிக்க நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மாநகரின் நடுவே நிற்கும் நம் பழைய அரங்குக்குக் கச்சேரி கேட்க வருபவர்களுக்கு இருக்கைகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங் குத்துகிறது, ஒருவர் எழுந்தால் வரிசையே கிறீச்சிடுகிறது. கடையில் தயாராகக் கிடைக்கும் நாற்காலிகளை வாங்கிப் போட்டால் செலவு குறையுமே என்று கேட்கிறார்கள். குறையும்தான். அரங்கின் ஒலியும் கூடவே போய்விடும்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சே புரியாத அளவுக்கு முழங்கிய ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை இயற்பியலாளர் வாலஸ் சேபினிடம் வந்தது. வேறோர் அரங்கின் மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பித்தான் அவர் அளந்தார். அதில் பிறந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் (ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பு எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்பதால்) வகுத்தால், முழக்கம் அடங்க ஆகும் விநாடிகள் கிடைக்கும். 10,000 கன மீட்டர், 1,000 இருக்கை, 850 சதுர மீட்டர் உறிஞ்சல் கொண்ட அரங்கில் அது 1.9 விநாடி. மைக் இல்லாத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்ற அளவு. ஒவ்வோர் இருக்கையும் 0.1 சதுர மீட்டர் மட்டும் கூடுதலாக உறிஞ்சினால் 1.7-க்கு இறங்கிவிடும். தடித்த ஃபோமும் தலைவரை உயர்ந்த முதுகும் செய்வது இதைத்தான். ரெக்ஸின் போர்த்தினாலோ நேர்மாறான கோளாறு. அது ஒலியை அதிகம் உறிஞ்சாது; உட்காரும் ஆட்கள்தான் உறிஞ்சுவார்கள்: ஆளில்லாத ஒத்திகையில் ஒரு ஒலி, நிறைந்த கச்சேரியில் வேறு ஒலி.

ஆகவே முதுகு தோளுக்கு மேல் போகாது. கைப்பிடி வெறும் மரம். காற்றுப் புகும் துணி. மடிந்து நிற்கும் இருக்கையின் அடிப்பலகையில் துளைகள் இருக்கும், காலியாக இருக்கும்போதும் ஓரளவு உறிஞ்சுவதற்காக.

முதலில் காலி அரங்கில், பல இடங்களில், தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை (125 முதல் 4,000 ஹெர்ட்ஸ்) முழக்க நேரத்தை அளப்போம். பிறகு சில மாதிரி இருக்கைகளை ஒலி ஆய்வகத்தில் சோதிப்போம். தேறாவிட்டால் துணி, ஃபோம் எதற்கும் ஆர்டர் இல்லை. பழைய வார்ப்பிரும்புக் கால்களைக் கழற்றும்போதே எண்ணிட வேண்டும். தரையின் சரிவுக்கேற்ப அவற்றின் கோணம் மாறும், வளைந்த வரிசைகளில் இருக்கை அகலமும் மாறும். கலந்துவிட்டால் நாற்காலி சாயும், பார்வையும் மறையும். தரை மரமாகவே இருக்கும். நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கான கார்னெகி ஹாலில், ஒலியைக் கெடுக்கிறது என்று புகார் எழுந்த, மேடைக்கு அடியில் கிடந்த கான்கிரீட்டை 1995-இல் பெயர்த்தெடுக்க நேர்ந்ததை இசை உலகம் அறியும்.

துணி முழுவதும் ஒரே சாயத் தொகுதியில் வர வேண்டும். இரண்டு தவணையாக வாங்கினால் நிறம் ஒட்டாது. அதனால் ஆர்டருக்கு முன்பே முழுத்தொகையும் கையில் இருக்க வேண்டும்.

ஒருவர் ஓர் இருக்கையை ஏற்கலாம். நண்பர்கள் சேர்ந்து ஒரு வரிசையை ஏற்கலாம். இயன்றதைத் தந்தாலும் மகிழ்ச்சியே. கொடையாளர் பெயர்கள் முன்கூடச் சுவரில் இடம்பெறும். இருக்கையில் பெயர்த்தகடு பொருத்த மாட்டோம், மன்னிக்கவும்: திருகு தளர்ந்த தகடு மெல்லிய இசையில் கிணுகிணுக்கும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கும் ஒலி அளவீடும் உங்களுக்கு வந்து சேரும். உடனடித் தேவை மாதிரி இருக்கைகளுக்கும் ஆய்வகக் கட்டணத்துக்கும்தான். முதலில் வரும் தொகை அவற்றுக்கே போகும்.

இருக்கைச் சீரமைப்புக் குழு