எட்டாம் தரத்துப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வருகிறது, சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் வழிகாட்டி வருகிறது, அதையெல்லாம் வெட்டி வைத்துப் படித்த வீடுதான் எங்களுடையது. ஆனால் தரம் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைக்கென்று ஒன்றும் காணோம். பத்திரிகையை மட்டும் குறை சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்திலும் இதே கதைதான். "எட்டாம் தரம்தானே, பத்துக்கு வரட்டும் பார்ப்போம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

என் மகள் எட்டாம் தரம். இந்தத் தவணை அவளுடைய கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உண்மையாகவே சொல்கிறேன், இவ்வளவு விஷயம் இதற்குள் இருக்கிறதென்று நிறையப் பெற்றோருக்குத் தெரியாது.

விஞ்ஞானத்தில் நுண்ணங்கிகள் படிக்கிறார்கள். பாலில் உள்ள இலக்டோசை பற்றீரியாக்கள் இலக்டிக் அமிலமாக மாற்ற, அந்த அமிலத்தில் பாலின் புரதம் திரண்டு தயிராகிறது. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? அவளுடைய அம்மம்மா காய்ச்சிய பாலில் விரலை வைத்து, சூடு பதமாகத் தணிந்த பிறகுதான் உறை போடுவா. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பற்றீரியா செத்துவிடும், நன்றாக ஆறிப்போனால் பெருகாது என்று பேத்தி விளக்கம் சொல்ல, அம்மம்மா அடுப்படியில் நின்று கவனமாகக் கேட்டா. அதே புத்தகத்தில் தாவர வேர்களின் வகைகள் வருகின்றன. கண்டலின் தாங்கு வேரையும் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சு வேரையும் படத்தில் பார்த்துக் கீறத் தேவையில்லை, வாவிக்கரைக்குப் போனால் போதும். ஒலியும் இருக்கிறது. காற்றில் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும் ஒலி நீரில் சுமார் 1500 மீற்றர் போகிறது. கல்லடிப் பாலத்தடியில் தோணித் துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனைக் கேட்பார்களே, அது ஏன் அப்படிக் கேட்கிறதென்று இந்த வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தச் சத்தம் மீனுடையதா, ஓட்டுக்குள் வாழும் ஊரியுடையதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள், அவர்கள் யோசிக்கட்டும்.

கணிதத்தில் சதவீதம். இவளுடைய அப்பா வயல்காரர். நெல்லில் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேலே இருக்கிறதென்று சொல்லி 50 கிலோவுக்கு 2 கிலோ கழித்தால் அது 4 சதவீதம், அதாவது 100 மூடைக்கு 4 மூடை போகிறது. மகள் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். அந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளையை நாளைக்கு ஒரு வியாபாரியும் இலேசில் ஏமாற்ற முடியாது. அப்புறம் நேர வலயம். 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்துத்தான் நமது நேரம் கிறீன்விச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னே நிற்கிறது, குவைத்தும் கட்டாரும் 3 மணி. இங்கே இரவு 9 மணியென்றால் அங்கே மாலை 6.30. வகுப்பில் ரீச்சர் கேட்டதும், தாய் குவைத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளை கணக்கே போடாமல் சட்டென்று விடை சொன்னதாம். தாயின் அழைப்புக்காகத் தினமும் மணிக்கூட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு அது மனப்பாடம். மகள் வந்து சொன்னதிலிருந்து அந்தப் பிள்ளை என் நினைவை விட்டுப் போகவில்லை.

வரலாற்றில் ஐரோப்பியர் வருகை. 1602இல் ஒல்லாந்தர் மட்டக்களப்பில் வந்து இறங்கியதும், 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்ததும் இதே மண்ணில் நடந்தவை. கோட்டை இன்னும் புளியந்தீவில் நிற்கிறது. சிங்களம், ஆங்கிலம், குடியியல், சுகாதாரம் எல்லாம் இதற்கு மேலே.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடங்களை, அதாவது விருப்பப் பாடங்களை, தெரிவுசெய்ய வேண்டும். அப்போது புவியியலோ குடியியலோ ஏதாவது ஒன்றைப் பிள்ளை விடத்தான் வேண்டும். இவ்வளவையும் ஒரே பிள்ளை ஒன்றாகப் படிக்கும் கடைசிக் காலம் இந்த நாலு வருடம்தான். இதைப் போய்ச் சும்மா இருக்கும் வருடங்களாக நினைக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடகமும் அரங்கியலும், செயன்முறைத் தொழில்நுட்பம் போன்ற பாடவேளைகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மகளின் வகுப்பிலும் நடந்தது. வடமோடியும் தென்மோடியும் ஆடுகிற ஊரில் கூத்துக்கான பாடவேளையைப் பறித்து மாதிரி வினாத்தாள் செய்விப்பது சரியா? அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது அதுதான் வழியாக இருந்தால்? பாடவேளை குறைந்ததென்று ஒரு பெற்றோர்கூடக் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். கிழமைக்கு ஒரு அரைப்பக்கம் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மாதிரி வினாத்தாள் வேண்டாம், அது வேறு நிறைய இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களிடம் கேட்டு, பாடப்புத்தகத்தில் வருவதை நமது வயலிலும் வாவியிலும் கடலிலும் எங்கே பார்க்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதி அனுப்புவதையும் போடுங்கள், பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் ஆரம்பித்தால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வைக்கும் வேலையை நான் பொறுப்பெடுக்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் தர மாணவி ஒருவரின் தாய்,
களுவாஞ்சிகுடி.