கனடாவில் இருக்கும் மாப்ளைக்கு

செல்லூர், மதுரை

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அக்காவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி நலம்.

அங்கே 2018இலிருந்து கஞ்சாவைக் கடை திறந்து விற்கிறார்கள், ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இங்கேயும் செய்தால் என்ன என்று கேட்டிருந்தாய். கோர்ட்டில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது லேசான கேள்வி இல்லை, மாப்ள.

எங்கள் வக்கீலிடம் ஒரு பையன் வழக்கு இருக்கிறது. பிடிபட்டபோது சட்டைப்பையில் ஒரே ஒரு பொட்டலம். இப்போது ஜாமீனில் வந்து தினமும் கண்டிஷன் கையெழுத்துப் போடுகிறான். பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு. கஞ்சா கிடைக்காத நாளில் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றியிருக்கிறான். அவன் அம்மா மாட்டுத்தாவணியில் பூக் கட்டுகிறவர். தோட்டை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினார். இவனை உள்ளே போட்டால் விற்கிறவர்களோடு பழகிவிட்டு வருவான். அப்புறம் அவனும் பொட்டலம் போடுவான்.

1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு கிலோ கஞ்சா வரைக்கும் சிறிய அளவுதான். அந்த அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து தப்ப 64ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. நான் பார்த்தவரை அதைக் கேட்டு மனுப் போடுகிறவர்கள் அபூர்வம். பெற்றவர்களுக்கு அதை யாரும் சொல்வதே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடை திறப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. மதுவை 2003இலிருந்து அரசாங்கத்தின் டாஸ்மாக்கே சில்லறையாக விற்கிறது. அப்படியும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபது பேருக்கு மேல் கொன்றது. கடைச் சரக்கு கட்டுப்படியாகாத கூலிக்காரர்கள்தான் அதை வாங்கிக் குடித்தார்கள். கஜானாவுக்குப் பழகிய வருமானத்தை எந்த அரசாங்கமும் லேசில் விடாது என்பது வேறு.

போர்ச்சுகலில் 2001இலிருந்து செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. விற்றால் இன்றைக்கும் குற்றம்தான். ஆனால் பத்து நாள் அளவுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. ஒரு சிறு குழுவின் முன் உட்காரவைத்துப் பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஊசி போடுகிறவர்களிடையே எச்ஐவி தொற்று அங்கே வெகுவாகக் குறைந்தது. இங்கே அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அங்கே கடை வந்த பிறகு தெருவில் விற்றவன் நிஜமாகவே போய்விட்டானா, இல்லை விலையைக் குறைத்து ஓட்டுகிறானா? விசாரித்து எழுது. திங்கட்கிழமை அந்தப் பையனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அவன் அம்மாவும் வருகிறார்.

அன்புடன்,
செல்வராஜ்